நாக்கை மட்டும் விட்டுடுங்க

இருங்க சாமி, அந்தப் பெரிய வேல் வேணாம். முதுகுல போடுங்க, மாருல போடுங்க, நெத்தில போடுங்க. நாக்கை மட்டும் இந்த வருஷம் விட்டுடுங்க.

தெரியும், தெரியும். தனராஜ் எப்பவும் வாய்ப்பூட்டுப் போட்டுத்தான் காவடி எடுப்பான்னு கோயில்ல சொல்லியிருப்பாங்க. நீங்க காரைக்கால்லேர்ந்து வந்து இந்தத் தீவுல கப்பல் இறங்கி ரெண்டு மாசம்கூட ஆகல, புதுப் பூசாரி வந்தவுடனே வழக்கத்தை மாத்திட்டாருன்னு பேச்சு வரும். அதுக்குத்தான் வரிசைல கடைசியா வந்து உட்கார்ந்தேன். மத்தவனுங்களுக்கெல்லாம் குத்தி முடிச்சிட்டீங்க. நான் சொல்றது அவனுங்க காதுல விழுந்தாலும் இப்ப எவனும் வாய் திறக்க முடியாது. நீங்க முதுகுல போட்டுக்கிட்டே கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, நாக்குல போடணுமா வேணாமான்னு. என் தமிழ்ல இங்கத்து கிரியோல் பாஷை கலந்து வரும், பொறுத்துக்குங்க.

அந்த சவுக்கு மரத்துக்குப் பின்னால வெள்ளையா வீடுங்க தெரியுதா? கம்ப்மான்னு சொல்லுவோம். கரும்புத் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளிங்க சீசனுக்கு வந்து தங்குற கடற்கரை வீடு. மூணாவது வீட்டுக்கு நான்தான் காவல்காரன், பதிமூணு வருஷமா. மிசியே எட்மோன் வீடு. தோட்டம் அவங்க அப்பாவோடது. மகனுக்கு வேலை சீசன் கொண்டாடுறதுதான்.

டிசம்பர்ல பெட்டி படுக்கையோட வந்துடுவாங்க. கிறிஸ்மஸுக்கு வாத்து, ஷாம்பெய்ன். அப்புறம் பனானே, அதான் வருஷப் பிறப்பு. சீனாக்காரன் கடைல வெடி எல்லாத்தையும் அள்ளிட்டு வருவாங்க. ஒரு பனானேக்கு மிசியே எட்மோன் ஒரு சரத்தைக் கொளுத்தி, கரையில இழுத்துப் போட்டிருந்த படகுக்குள்ள வீசினாரு. உள்ள மீன்காரன் க்ளெமான் படுத்திருந்தான். ஒரு கண்ணு போயிடுச்சு. ஜனவரி நடுவுல பாய்மரப் படகுப் பந்தயம். அதுல தோத்ததுக்கு, படகு ஓட்டின கிரியோல்காரனைத் துடுப்பாலயே அடிச்சாரு. கை எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு சாமி, நான் கண்ணாடி டம்ளரைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்.

இல்ல, யாரும் போலீசுக்குப் போகல. எங்க போறது? போலீஸ் பெரியவரே அந்த வராண்டாலதான் உட்கார்ந்திருப்பாரு.

கடைசியா வர்றது நம்ம காவடி. சிரிக்காதீங்க, அவங்களுக்கு இதுவும் சீசன் விசேஷம்தான். வெடி, படகு, காவடி. காவடி பார்த்துட்டுத்தான் பெட்டி கட்டுவாங்க. பாம்ப்ளமூஸ் ஊர்ப் பக்கத்துலேர்ந்து, இன்னும் எங்கிருந்தெல்லாமோ விருந்தாளிங்க மோட்டார்ல வருவாங்க. நாம இங்க கடல்ல குளிச்சு, குத்திக்கிட்டு, கோயிலுக்குப் போகணும்னா அந்த ரோட்டு வழியாத்தானே போகணும்? வராண்டால நாற்காலி போடுறது என் வேலை. பத்து நாள் விரதம் இருக்குறவன் நான், விடிஞ்சதும் முதல் வேலையா அவங்களுக்கு நாற்காலி போட்டுட்டுத்தான் குளிக்க வருவேன். இன்னிக்கும் போட்டுட்டுத்தான் வந்தேன். பதினொண்ணு.

ம், அங்க போடுங்க. வலிக்கல.

ரெண்டு வருஷம் முன்னாடி, இதே பூசம். என் தம்பி பொன்னுசாமி எனக்கு முன்னால போறான். மஞ்சக் காவடி, மயிலிறகு வச்சது. அவன் முதுகுல நாப்பது வேல், நாக்குல உங்க கையில இருக்கே அந்த மாதிரி பெருசு. நான் அவன் பின்னாடி, ரெண்டு கை தூரம்தான். எனக்கும் வாய்ப்பூட்டு. என் பொண்ணு காய்ச்சல்ல மூச்சு விடாமக் கிடந்து பிழைச்சா, அதுக்கு வேண்டிக்கிட்ட காவடி என்னோடது. தம்பி எதுக்கு எடுத்தான்னு கேக்கறீங்களா? அவன் எதையும் கேட்டு எடுக்குற ஆளில்ல. வருஷா வருஷம் சும்மா எடுப்பான்.

மூணாவது வீட்டுக்கு முன்னால வந்தோம். மிசியே எட்மோன் படி இறங்கி ரோட்டுக்கு வந்தாரு. கையில குதிரைச் சவுக்கு. அடிப்பக்கம் ஈயம் ஊத்துனது, தடியா இருக்கும். அவரும் அவர் கூட்டாளி க்ளோடும் பந்தயம் கட்டியிருந்தாங்க, ஒரு பெட்டி ஷாம்பெய்னுக்கு. அடிச்சா காவடிக்காரன் வாய் திறப்பானா மாட்டானான்னு. திறப்பான்னு க்ளோட், மாட்டான்னு இவரு.

முதல் அடி முதுகுல. வேலெல்லாம் உள்ள இறங்குச்சு சாமி. மேல தெரிஞ்சுக்கிட்டிருந்த வெள்ளி முனை ஒண்ணுகூடத் தெரியல, ரத்தம்தான் தெரிஞ்சுது. தம்பி நின்னான். காவடி ஆடல. ரெண்டாவது முழங்கால்ல. மண்டி போட்டான், அப்பவும் தோள்லேர்ந்து காவடியை இறக்கல. வேலைச் சுத்தி வாயோரமா ரத்தம் வழியுது, சத்தம் வரல. வராண்டால கை தட்டுறாங்க. அந்த வீட்டுப் பொண்ணு ஒதில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கிச்சு. மூணாவது அடி காதுக்குப் பின்னால. அது எதுக்குன்னே தெரியல, பந்தயத்துல அவரு ஏற்கெனவே ஜெயிச்சாச்சு.

நான் என்ன பண்ணுனேனா? நின்னேன்.

நாக்குல இருக்குற வேலைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும், நீங்களே சொல்லுங்க. ஒரு இழுப்பு. நாக்கு கிழிஞ்சாக் கிழியட்டும்னு இழுத்துட்டு ஒரு கத்துக் கத்தியிருந்தா, முன்னாடி பின்னாடின்னு அத்தனை ஜனமும் திரும்பியிருக்கும். மேளச் சத்தத்துல யாருக்கும் எதுவும் தெரியல. முன்னால போனவன் முன்னால போய்க்கிட்டே இருந்தான். எனக்குப் பயம். வாய்ப்பூட்டை உடைச்சா என் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். பொண்ணைக் காப்பாத்திக்க நினைச்சு தம்பியை விட்டுட்டேன், அவ்வளவுதான். என் மேல எனக்கே அருவருப்பா இருக்கு.

தம்பி சாய்ஞ்சான், காவடில கட்டியிருந்த சொம்புப் பாலெல்லாம் ரோட்டுல ஓடுச்சு. யாரோ தொட்டுப் பார்த்துட்டு, திரியவே இல்லன்னாங்க. பால் திரியலன்னா காவடியை முருகன் ஏத்துக்கிட்டான்னு இங்க நம்பிக்கை. அவ்வளவுதான் சாமி, போச்சு. பால் திரியல, சத்தம் வரல, பூசத்தன்னிக்கு உயிர் போயிருக்கு, முருகனே கூப்பிட்டுக்கிட்டான்னு நம்ம ஜனமே கன்னத்துல போட்டுக்கிச்சு. அந்த இடத்துல கல்லு நட்டு மஞ்சத்துணி கட்டியிருக்காங்க, வர்றப்ப பார்த்திருப்பீங்க. கோர்ட்டுல டாக்டர் வந்து, விரதம் இருந்த உடம்பு, வெயில் தாங்கலன்னு எழுதிக் குடுத்தாரு. கோயிலும் கோர்ட்டும் ஒரே பேச்சுப் பேசினா நடுவுல காவல்காரன் என்ன பேசுறது? என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் சாமி வந்த நிலையில இருந்தேன், எதையும் பார்க்கலன்னு சொன்னேன்.

அந்த வருஷமே மிசியே எட்மோனைப் பிரான்சுக்கு அனுப்பிட்டாங்க, பேச்சு அடங்கட்டும்னு. போன வருஷம் காவடி சும்மா போச்சு. அவரு இப்ப டிசம்பர்ல திரும்பி வந்தாச்சு. ஆனா நடுவுல ஆகஸ்ட் மாசம் வந்துச்சே. கூலி பத்தலன்னு தோட்டம் தோட்டமா ஜனம் கிளம்புச்சு, கரும்பு எரிஞ்சுச்சு, துப்பாக்கி வெடிச்சுச்சு. இப்ப காவடி பின்னால வர்ற இந்த ஜனம் ரெண்டு வருஷம் முந்தி வந்த ஜனம் இல்ல. அன்னிக்கு கன்னத்துல போட்டுக்கிட்டவனெல்லாம் இன்னிக்கு வெட்டுக்கத்தி பிடிச்சுப் பழகினவன்.

ஆமா, என்ன ஆகும்னு தெரியும். ஒரு கத்து போதும். அந்த வீடு ஓலைக் கூரை. சமையக்காரி மார்லென்கிட்ட இன்னிக்கு வேலைக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். மேளம் அடிக்கிறவன் என் சித்தப்பா மகன்தான், மூணாவது வீட்டு முன்னால மேளத்தை நிறுத்துறதா பேசி வச்சிருக்கோம். பாவமா, புண்ணியமான்னு என்னைக் கேக்காதீங்க. ரெண்டு வருஷமா யோசிச்சு அலுத்துப் போச்சு.

வேண்டுதலா? இந்த வருஷம் நான் எதையும் வேண்டிக்கல. வேண்டாதவனுக்கு வாய்ப்பூட்டு எதுக்கு?

அங்க பால்குடத்தோட நிக்கிறா பாருங்க, வெள்ளைச் சேலை, அவதான் தனலட்சுமி, தம்பி பொண்டாட்டி. மாமா மாமான்னு எனக்கு விரதச் சோறு அவதான் ஆக்கிப் போட்டா. அவளுக்கு ஒண்ணு தெரியாது. உங்களுக்குச் சொல்றேன், அப்புறம் ரோட்டுல நானே அவளுக்குச் சொல்லிடுவேன்.

அன்னிக்கு, பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம், நான் வராண்டால காலி டம்ளரெல்லாம் எடுத்துக்கிட்டிருந்தேன். அந்த க்ளோட் சொல்றான், இவனுங்க சாராயத்தைக் குடிச்சுட்டுக் குத்திக்கிறானுங்க, எல்லாம் ஏமாத்துன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. மிசியே எட்மோன் என்னைப் பார்த்து, சொல்லு தனராஜ், உங்காளுங்கள்ல எவன் நெசமான ஆளு, என்ன பண்ணினாலும் வாய் திறக்காதவன் எவன்னு கேட்டாரு. முதலாளி நம்ம முருகனைப் பத்திக் கேக்குறாரேன்னு எனக்குப் பெருமை. என் தம்பி மிசியே, கண்டதுண்டமா வெட்டினாலும் சத்தம் வராதுன்னு சொன்னேன். மஞ்சக் காவடி, மயிலிறகு வச்சது, எனக்கு முன்னால வருவான்னு அடையாளமும் சொன்னேன். அத்தனை பேர்ல என் தம்பியை எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு நினைச்சீங்க?

மேளம் கிளம்பிடுச்சு. நீங்க போடுங்க.

நேத்து சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாரு. விருந்தாளிங்க புதுசு, கேள்வி அதே கேள்வி. இந்த வருஷம் எவன்டான்னாரு. பச்சைக் காவடி மிசியே, நான்தான்னு சொன்னேன். அப்ப க்ளோடுக்கு இந்த வருஷமும் நஷ்டம்னு சிரிச்சாரு.

அந்தப் பெரிய வேலைக் கீழ வச்சுட்டீங்களா? நல்லது சாமி. முதுகுல இன்னும் ஆறு பாக்கி இருக்கு, நல்லா ஆழமாவே போடுங்க. அவரு அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாரு.