ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

சமயநல்லூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மூத்தவள் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“எனக்கு வயித்தெரிச்சல்தான் ஸ்டெல்லா, மறைக்கல. பத்தாவது படிக்கிற பிள்ள உன் மக, தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டா. ஃபாதரு பூசையில பேரைச் சொல்லிப் பாராட்டுனாரு. எங்க வீட்டு எருமை பெரிய வெள்ளியன்னைக்கே புரோட்டா கேக்குது.”

“ஈஸ்டர் போயி ரெண்டு மாசமாச்சுக்கா. அவ இன்னும் முடிக்கல.”

“ஆத்தாடி, அம்புட்டு பக்தியா?”

“நானும் அப்படித்தான் பூரிச்சுப் போயிருந்தேன். குண்டாயிருவோம்னு பயமாம்க்கா. ஒருசந்தின்னா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டாங்கள்ல, அதான் பிடிச்சுக்கிட்டா. இப்ப சோத்தப் பாத்தாலே அழுகுறா. ஸ்கூல்ல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடக்கா. அங்கதான் போறேன். பக்தியுமில்ல, அடமுமில்ல, இது நோயின்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

மூத்தவள் அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“இருந்தாலும் ஒல்லியா லட்சணமா இருக்கா. என் மகளைப் பாரு.”

எழுந்து ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு. ஸ்டெல்லா கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நேத்து பாத்தேன்க்கா உங்க மகள. டீக்கடை வாசல்ல பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்னா. வந்த பஸ்ஸ விட்டுட்டு நின்னு பாத்தேன். ரெண்டாவது பஜ்ஜிய அவளாவே கேட்டு வாங்குனா. எனக்கு உங்க மேல அம்புட்டு பொறாமையா இருந்துச்சு.”