ஒரே வீட்டில் இரண்டு ஸ்டவ்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் குடியாத்தத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். விலை ஏறிவிட்டதென்று எல்லோரும் புலம்ப, எனக்கு முன்னால் நின்ற பெண் மட்டும், “ஏறினதே நல்லதாப் போச்சு” என்றாள்.

அவளுடன் வந்தவள் திடுக்கிட்டாள். “இன்னாடி சொல்ற?”

“என் பொண்ணு சடங்குல வந்த சண்டையிலேர்ந்து எனக்கும் என் ஓர்ப்படிக்கும் பேச்சே இல்லக்கா. ஒரே வீட்ல ரெண்டு ஸ்டவ்வு. போன மாசம் வெல ஏறினதுல ரெண்டு பேருகிட்டயும் எண்ணெ கொஞ்சந்தான் இருந்துச்சு. அவளே வந்து தன்னோடத என் ஸ்டவ்வுல ஊத்திட்டு, ‘ஒண்ணா ஆக்கலாமாக்கா?’ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்போ செலவும் கம்மி.”

“வெல எறங்கிட்டா மறுபடி தனியா ஆக்குவீங்களா?”

“ஐயோ, அவ வைக்கிற கருவாட்டுக் கொழம்ப வுட்டுட்டா?”

வரிசையே சிரித்தது.