அம்மிக்குப் போட்ட தடை

சினிமாவில் நாய் அடிபட்டால் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருகிறவன் நான். அவ்வளவு இளகின மனசு. என் மனைவி மாலதியும் இதைச் சொல்வாள், பெரும்பாலும் திட்டும்போது.

சத்யப்பிரியா, வடலூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நம் லீக்கின் புதுச் செயலாளர் என்ற முறையில் போன வருடத்து ஆட்டப் பதிவுகளைச் சரிபார்த்தீர்களாம். நான்கு கணக்குகள் ஒரே செல்போனிலிருந்து ஆடியிருக்கின்றனவாம். நான்கும் வினோதினியிடம் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கின்றனவாம். 'இது யாரென்று தலைவருக்குத் தெரியுமா?' என்று மரியாதையாகக் கேட்டிருந்தீர்கள். பதில் வந்ததும் பதிவுகளை வினோதினிக்கும் அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர்கள்.

தெரியும். தில்லைத் தவளை, பிச்சாவரம் முதலை, பரங்கிப்பேட்டைப் பரோட்டா மூன்றும் நான்தான். நான்காவது மணவாளன் என்று என் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

இதைப் பொதுக்குழுவில் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆடாதவர்களும் வந்திருப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இது செல்போனில் ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒரு மிருகம். மாறி மாறி அடிக்க வேண்டும், தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் யோசித்துப் பொத்தானைத் தொட முப்பது விநாடி, தாண்டினால் அந்த முறை போச்சு. ஏதாவது ஒரு மிருகம் அளவு மீறிய பலசாலி என்று புகார் வந்தால், தரவரிசையில் முதல் ஐந்து பேர் ஓட்டுப் போட்டு அதைப் போட்டியிலிருந்து விலக்கலாம். கடலூர் மாவட்டத்தில் இருநூறு சொச்சம் பேர் இதை உயிராக நினைத்து ஆடுகிறோம். நாற்பது வயதில் மிருகச் சண்டை போடுகிறேன் என்றால் எவனும் பெண் கொடுக்க மாட்டான். நல்லவேளை, எனக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது.

வினோதினி தேவனாம்பட்டினத்துப் பெண். அம்மா தனம் அக்கா மீன் விற்கிறவர். வினோதினிக்குத் தசை கரைகிற நோய். இருபத்து மூன்று வயதில் அவள் சொன்னபடி கேட்பது வலதுகைக் கட்டைவிரல் ஒன்றுதான். அதுவும் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக நாற்பது விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால் அவள் அம்மியைத் தேர்ந்தெடுத்தாள்.

அம்மி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். கல் ஓடு போர்த்திய நத்தை மாதிரி ஒரு பிராணி. நகராது. அடி வாங்கும், தேறும், மறுபடி அடி வாங்கும். ஒட்டினாற்போல் இரண்டே பொத்தான், ஒன்று தடுக்க, ஒன்று தேற. எதிராளி அடித்து அடித்துக் களைத்து அவனாக விழும்வரை அது உட்கார்ந்திருக்கும். அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே ஊகிக்கத் தெரிந்தால்தான் பலிக்கும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லாததால் அம்மியை அதிகம் பேர் சீந்தவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவளுடைய அம்மி நகரவில்லை.

அவள் லீக்கில் சேர்ந்த புதிதில், கட்டிலில் போன் ஸ்டாண்டு மாட்டிக் கொடுக்கச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போனவன் நான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், இதுகூடச் செய்யக் கூடாதா. மாட்டி முடித்ததும் பரீட்சித்துப் பார்க்க ஒரு ஆட்டம் ஆடினோம். வேண்டுமென்றே தோற்றேன். தனம் அக்கா கையிலிருந்த கூடையை அப்படியே வாசலில் வைத்துவிட்டு, "எம் பொண்ணு தலைவரையே அடிச்சிட்டாடி" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனார்.

"அண்ணே, விட்டுக்குடுத்தீங்களா?" என்றாள் வினோதினி.

"நானா? நான் பஸ்ல சீட்டே விட்டுக்குடுக்க மாட்டேன்."

சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு வந்து சேரும்வரை காத்திருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் மூன்று கணக்குகளைப் புதிதாகத் திறந்தேன். ஒரே ஆள் தோற்றுக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும் அல்லவா. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கடையில் கூட்டம் குறையும்போது, நானாகவும் தவளையாகவும் முதலையாகவும் பரோட்டாவாகவும் போய்த் தோற்றேன். மொத்தம் நாற்பத்தொரு ஆட்டம். நாற்பத்தொன்றும் அவள் சந்தோஷத்துக்காக.

அவள் தரவரிசையில் ஐந்தாவது இடத்துக்கு வந்தாள். முதல் எட்டுப் பேர் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து கோப்பைக்கு ஆடுவது வழக்கம். ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி எட்டு வருடம் ஆகியிருந்தது. தனம் அக்கா ஒரு மாதம் முன்னாலேயே வேனுக்குச் சொல்லி வைத்துவிட்டார். என்ன கலர் சுடிதார் போடுவது என்று வினோதினி என்னிடமே கேட்டாள். அம்மி கலர் என்றேன்.

அந்த நேரத்தில்தான் புகார் வந்தது. கம்மாபுரம் எழிலன் போனில் கத்தினான். "மச்சான், இது கேமா, கல்யாணப் பந்தியில எடம் புடிக்க நிக்கிறதா? ஒரு ஆட்டம் அம்பது நிமிஷம். நான் அடிச்சி அடிச்சி எனக்கே கை வலி எடுத்துப்போச்சி. அந்தக் கல்லுக்கு பவர் ஜாஸ்தி மச்சான், தடை போடு."

தடை விஷயத்தில் அறிக்கை தயாரிப்பது தலைவர் வேலை. கணக்கு எடுத்தேன். வினோதினி அம்மியை வைத்து ஐம்பத்திரண்டு ஆட்டம் ஆடி நாற்பத்தெட்டில் ஜெயித்திருந்தாள். அதில் நாற்பத்தொன்று நான் கொடுத்தது என்று சொல்லியிருந்தால் புகார் அங்கேயே செத்திருக்கும். ஆனால் தன் வெற்றியெல்லாம் பிச்சை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அந்தப் பாவத்தை நான் செய்வதா? அதைவிட அம்மி பலசாலி என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

பதிவுகளில் இன்னொரு வரியும் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அம்மியை வைத்து அறுபது ஆட்டம் ஆடி, பத்தொன்பதில்தான் ஜெயித்திருந்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டேன். அறிக்கை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது நம் வழக்கம்.

இன்னொன்றும் நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் வினோதினி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அண்ணே, அம்மிய தடை பண்ணா பரவாயில்ல. டைம மட்டும் ஒரு நிமிஷம் ஆக்க முடியுமான்னு எல்லார்ட்டயும் கேளுங்களேன். அப்ப நான் சிட்டு வெச்சிகூட ஆடிடுவேன்." சிட்டு என்பது இருப்பதிலேயே சோப்ளாங்கியான பறவை. நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. சலுகை கேட்டால் நாலு பேர் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பரிதாபம் ஒரு மனுஷரை எவ்வளவு கூனிக்குறுகச் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டெடுப்பில் நானும் எழிலனும் தடை வேண்டும் என்றோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது ஓட்டு வினோதினியுடையது. அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு லீக்கின் செல்போன் குழுவில் எழுதினாள், அந்தக் கட்டைவிரலால், எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. "அறிக்கை பார்த்தேன். நான் நல்லா ஆடுறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மிதான் ஆடியிருக்கு. தடை பண்ணிடலாம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

மூன்றுக்கு இரண்டு. அம்மி விலக்கப்பட்டது. கை தட்டுகிற பொம்மை ஒன்றை நான் குழுவில் போட்டேன். நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கத்தான்.

அதன் பிறகு அவள் வேறு மிருகங்களை வைத்து ஏழு ஆட்டம் ஆடினாள். ஏழிலும் விரல் போய்ச் சேர்வதற்குள் முப்பது விநாடி முடிந்துவிட்டது. எட்டுப் பேரில் இல்லாமல் போனாள். தனம் அக்கா கூப்பிட்டார். "சார், வேனு வேணாம்னு சொல்லிட்டா. போன எடுத்து உள்ள வெச்சிடுன்றா. ரெண்டு நாளா சரியா சாப்புடல. நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன்." பேசினேன். இரண்டு ஜோக் சொன்னேன். அந்த வருடக் கோப்பை என் கடையில் சார்ஜர் தொங்கும் பலகைக்குக் கீழே இருக்கிறது. ஆமாம், நான்தான் ஜெயித்தேன்.

நீங்கள் கெட்டிக்காரர். பதிவுகளில் வேறொன்றையும் கவனித்திருப்பீர்கள். முதல் ஒன்பது ஆட்டங்களில் நான் கைக்கு வந்த பொத்தானை அழுத்தியிருக்கிறேன். பத்தாவதிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது விநாடி எடுத்திருக்கிறேன். மிருகத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். அம்மியை உடைக்கவே ஒரு மிருகத்தை மூன்று வாரம் பழக்கியிருக்கிறேன். அதிலும் தோற்றேன். தோற்பது தெரியாமல் தோற்க வேண்டுமே, நடிப்பு தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று செய்தது அது.

உங்கள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போனேன். என்னைப் பார்த்ததும் தனம் அக்காவுக்குச் சந்தோஷம். "பாருடி, தலைவர் சார் வந்திருக்காரு" என்றார். ஸ்டாண்டு கட்டிலில் அப்படியே இருந்தது, போன்தான் இல்லை. அவள் விரல் முன்பைவிட மெதுவாகிவிட்டிருந்தது. ஒரு ஆட்டம் ஆடலாம் என்றேன், தனம் அக்கா உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து மாட்டினார். நண்பர்கள் தமக்குள் ஆடும் அறையில் தடையும் கிடையாது, நேர வரம்பும் கிடையாது. கடைசியாக ஒருமுறை அம்மியை வைத்து ஜெயித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"அம்மிய நீங்க வெச்சிக்குங்கண்ணே. எனக்கு சிட்டு போதும்" என்றாள்.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆடினோம். தனம் அக்கா வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. பின்கட்டில் அவர் மீன் செதில் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உலகத்திலேயே நகர்த்த முடியாதது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட அம்மி, என் கையில் இருந்தது. அந்தச் சிட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக் கொத்திச் சாய்த்துவிட்டது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, நெஜத்த சொல்லுங்க. விட்டுக்குடுத்தீங்களா?"

இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். போன தடவை அதைப் பொய்யாகச் சொன்னபோது எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள், ஆனால் அது முகத்துக்கு வந்து சேரவில்லை. "யம்மா, அந்த ஸ்டாண்ட கழட்டி அண்ணன்ட்டயே குடுத்துடு" என்றாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை, சத்யப்பிரியா. அன்றைக்கும் இல்லை, அந்தப் பத்தாவது ஆட்டத்திலிருந்து என்றைக்குமே இல்லை. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். பொதுக்குழு என்ன தண்டனை கொடுத்தாலும் கட்டுப்படுகிறேன். பதிவுகளை மட்டும் வினோதினிக்கு அனுப்பாதீர்கள். பாவம், அவள் தாங்க மாட்டாள்.