சிவப்பு விளக்கு எரிந்தால் போதுமா?

புகையில் குரலைப் பறிகொடுத்த பிறகும் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்து, பேச முடியாத குறைக்கு எங்களையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கெங்கம்மா அக்கா அவர்களே! பெரம்பூர் ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற ஜெகதீசன் அண்ணன் அவர்களே! ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்க, நின்ற கால் நோக நோக, ஊரார் தின்ன இறால் உரிக்கும் என் தாய்மார்களே! வலையை உலரப் போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நிற்கும் கல்மண்டபத்து அண்ணன்மார்களே! இறால் கம்பெனியின் பாதுகாப்புக் குழுவில் உங்கள் சார்பில் உட்கார்ந்திருக்கும் பவானியின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.

வாழ்த்திப் பேச நான் வரவில்லை. வயிறு எரிந்து வந்திருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு என் முன்னால் ஒரு தாளை நீட்டப்போகிறார்கள். கம்பெனிக் கூரையில், புகை வந்தால் கத்துவதற்கென்று மாட்டியிருக்கும் நாற்பது ஸ்மோக் டிடெக்டரும் பழசாகிவிட்டன. அவற்றைக் கழற்றிவிட்டு அவர்கள் காட்டுகிற புதுசை மாட்டலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடலாமா? போட்டால் நாளை அந்தக் கூரைக்குக் கீழே நிற்கப்போவது யார்? கம்பெனி முதலாளியா? நாம்தானே! நூற்று நாற்பது பெண்கள்தானே!

பழைய டிடெக்டர் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறாலை வேகவைக்கிற அறையில் ஆவி எழும். ஆவியைப் புகை என்று நினைத்து அது கத்தும். கத்தினால் வேலை நிற்கும். வேலை நின்றால் சூப்பர்வைசர் வேலப்பனுக்கு மூச்சு நிற்கும். தலையில் கேப் இல்லாமல் நம்மில் ஒருத்தி உள்ளே போக முடியுமா? ஒரு முடி வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அல்லவா அது? அந்த எலாஸ்டிக் கேப்பைத்தான் வேலப்பன் கையில் எடுத்தார். "இன்னாத்துக்கு இது சும்மா கத்திகினே கீது? அதுக்கும் ஒரு கேப்ப மாட்டி வுடு" என்றார். மாட்டினோம். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. சிரித்தோம், தாய்மார்களே! "பாரு, மேஸ்திரியம்மா வேலைக்கு வந்துட்டாங்கோ" என்று அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தோம்!

ஆவி கதவு தாண்டிப் பக்கத்து அறைக்கும் வந்தது. பக்கத்து அறை எது? நாம் உடை மாற்றுகிற அறை. சன்னலே இல்லாத அறை. அங்கிருந்த டிடெக்டருக்கும் கேப் மாட்டினார்கள். மாட்டியது யார்?

யாரது? வேலப்பனா? இல்லை ஃப்ளோரன்ஸ், இல்லை. அவர் சொன்னார், அவ்வளவுதான். ஸ்டூல் போட்டு ஏறி, இந்தக் கையால் மாட்டியது இந்தப் பவானி. திட்டுங்கள்! பாதுகாப்புக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு பாதுகாப்பின் வாயைக் கட்டியவளைத் திட்டுங்கள்! எனக்கு வேலப்பன் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருக்கிற கோபம் பெரியது.

போன மாதம் பதினேழாம் தேதி, காலை பதினொரு மணி. அந்த அறையில் மின்விசிறி மோட்டார் கருகியது. நனைந்த ரவிக்கையை மாற்றப் போன கெங்கம்மா அக்கா புகையில் மாட்டிக்கொண்டார். துறைமுக ஏலத்தில் அக்கா விலை கூறினால் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட குரல்! அந்தக் குரலால் அத்தனை முறை கத்தியும் ஐஸ் மெஷின் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை. நமக்காகக் கத்த வேண்டிய டிடெக்டர் தலையில் கேப்போடு தூங்கியது. மூக்கில் நாற்றம் பட்டு ஃப்ளோரன்ஸ் கதவைத் தள்ளியபோது அக்கா தரையில் கிடந்தார். உயிர் வந்தது. குரல் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? வந்தது என்றார்கள். "புச்சா வாங்கிட்டோம், கூரையில கீற அதே பேஸ்ல கரெக்டா உக்காருது" என்று நேற்று வேலப்பன் ஒரு மாதிரியை எடுத்து வந்து அதே அறையில் மாட்டினார். உட்கார்ந்தது, உண்மைதான். நான் ஜெகதீசன் அண்ணனை அழைத்துப் போயிருந்தேன். அண்ணன் அதன் முதுகைப் பார்த்த உடனே தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே சொல்கிறேன்.

"இது இன்னா பல்பாமா, ஹோல்டர்ல உக்காந்தா எரியறதுக்கு? வாசல்ல மாட்டிக் கீற உங்க அலாரம் பேனலு ஒவ்வொரு டிடெக்டரையும் நம்பர் சொல்லிக் கூப்புடும். 'கீறியா?'ன்னு கேக்கும். 'கீறேன்'னு அது பதில் சொல்லணும். இது வேற ஜாதி மாடல். இதுக்கு அந்த பாஷையே தெரியாது."

சோதித்துப் பார்த்தோம். கீழே புகை போட்டோம். டிடெக்டரில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வேலப்பன் கைதட்டினார்! "எரியுதுல்ல? அப்பால இன்னா?" என்றார். வாசலில் இருக்கிற பேனலுக்கு ஓடினேன். அலாரம் அடிக்கவில்லை. எந்த அறை என்று எழுத்து வரவில்லை. கோளாறு என்று ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. அதுவும் கூவக் கூடாது என்று ஏற்கனவே பொத்தானை அழுத்தி வாயை மூடி வைத்திருந்தார்கள்! கதவு மூடிய அறையின் கூரையில் சிவப்பாய் எரிந்து யாருக்கு என்ன பயன்? சாகப்போகிறவள் பார்த்துக்கொண்டே சாவதற்கா?

என்ன ரஹீமுன்னிசா? "அப்போ எதைத்தான் வாங்கச் சொல்ற?" என்றா? கேள், நல்ல கேள்வி. நம் பேனலின் பாஷை பேசுகிற மாடலை வாங்கு என்கிறேன். எந்தெந்த மாடல் என்று பேனல் செய்தவனே பட்டியல் கொடுத்திருக்கிறான், அதைப் படி என்கிறேன். வேகவைக்கிற அறைக்கு ஆவியைப் பார்த்துக் கத்தாமல் சூட்டைப் பார்த்துக் கத்துகிற டிடெக்டரை வாங்கு என்கிறேன். அப்போது எவளும் ஸ்டூல் போட்டு ஏற மாட்டாள். நிலவைக் கேட்டோமா? நிலத்தைக் கேட்டோமா? நெருப்பு வந்தால் நேரத்துக்குச் சொல் என்று கேட்கிறோம், அது தப்பா?

இன்று மாலை வேலப்பன் என்னிடம் வந்தார். "பவானி, பேஜார் பண்ணாத. ஒரு கையெழுத்துதான? நீதான கேப்பு மாட்டுன, அத நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றார். மிரட்டிப் பார்த்தார், தாய்மார்களே! அதனால்தான் அவர் சொல்வதற்கு முன்னால் இந்த ஒலிபெருக்கியில் நானே சொன்னேன். கெங்கம்மா அக்காவிடம் நேற்றே காலைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை அறைந்தார். அறைந்துவிட்டு, நாளை தானும் கூட வருவதாகக் கையைக் காட்டினார்.

அந்தத் தாளின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: "தொழிலாளர் பிரதிநிதி நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தார்." நாளைக் காலை பத்து மணிக்கு அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதப்போகிறேன்: "நேரில் பார்த்தேன். புகை போட்டோம். அலாரம் அடிக்கவில்லை. அடிக்கும் வரை நாங்கள் உள்ளே வர மாட்டோம்."

நாங்கள் என்று எழுதலாமா, நான் என்று எழுதவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். கைதட்ட வேண்டாம். வர மாட்டேன் என்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

... போதும், எண்ண முடியவில்லை. "நாங்கள்" என்றே எழுதுகிறேன். நின்ற கால்களுக்கு நன்றி. நாளை பத்து மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வெளியே சந்திப்போம், வணக்கம்!