கோவளத்துக்கு ரெண்டு டிக்கெட்

பியூலா: என்னங்க… எழுந்திருங்க. மடியில சார்ட் கசங்குது பாருங்க.

எலியேசர்: ம்… எங்க வந்திருக்கோம்?

பியூலா: இன்னும் இரும்புலியூரே தாண்டல, அதுக்குள்ள தூக்கம். சிரிப்பு வேற. யாரு கனவுல?

எலியேசர்: கடல்.

பியூலா: கடலா?

எலியேசர்: அஸ்தினாபுரத்துக்கே வந்துடுச்சு பியூலா. நம்ம தெருவுல முழங்கால் தண்ணி… பச்சையா, சத்தமே இல்லாம. நீ துணி காயப்போடுற கொடிக்குக் கீழ ஒரு ஆமை மெதுவா நீந்திப் போகுது…

பியூலா: என் புடவை நனைஞ்சுதா?

எலியேசர்: கேலி பண்ணாத. நேரா நம்ம வாசல்ல வந்து நின்னு, என்னை நிமிந்து பாத்துச்சு.

பியூலா: உள்ள கூப்பிட வேண்டியதுதானே? காபி போட்டிருப்பேன்.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்… அட, ஆமை சாரா! இன்னா சார், இன்னிக்கு வூட்டுக்காரம்மாவும் வந்துகீறாங்க?

எலியேசர்: ஆமா சின்னப்பன்… கோவளம் ரெண்டு.

பியூலா: பஸ்ஸுல பேரே வச்சுட்டாங்களா!

எலியேசர்: அவர் கிடக்கார்…

பியூலா: சரி, போன வாரம் கடற்கரையில நீங்க பேசுறதைக் கேக்க எவ்வளவு கூட்டம்?

எலியேசர்: இருந்தாங்க… ஒரு இருபது, முப்பது பேர்.

பியூலா: அப்படி என்ன சொல்லி உட்கார வைக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்.

எலியேசர்: படத்தைக் காட்டுவேன். இது தண்ணியில மிதக்குற சொறி மீன், ஜெல்லி மீனுன்னு சொல்வாங்களே, அது. பக்கத்துல பிளாஸ்டிக் கவர். தண்ணிக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரி ஆடும். ஆமை பாவம், மீனுன்னு நினைச்சு கவரை முழுங்கிடும்… அன்னிக்கு ஆபீஸ் பிக்னிக்ல பாத்தேனே, கரையில செத்துக் கிடந்துச்சே… வாயில பாதி கவர் தொங்கிக்கிட்டு. நாங்க சாப்பாடு எடுத்துட்டுப் போன மாதிரியே ஒரு கவர்…

பியூலா: சரி சரி… தண்ணி குடிங்க.

எலியேசர்: ம்.

பியூலா: கேளம்பாக்கம் வந்துடுச்சு. உப்பளத்தைப் பாருங்களேன்… வானமே கீழ படுத்துக் கிடக்குற மாதிரி இருக்கு.

எலியேசர்: பியூலா… இங்கயே இறங்கித் திரும்பிடலாமா?

பியூலா: ஏன்?

எலியேசர்: வெயில்… உனக்குத் தலைவலி வந்துடும்.

பியூலா: சாயங்கால வெயில் என்ன பண்ணும்?

எலியேசர்: அதில்ல… இன்னிக்கு யாரும் வர மாட்டாங்க. ஊர்ல ஏதோ திருவிழாவாம்.

பியூலா: வரலேன்னா கடலைப் பாத்துட்டு வருவோம்.

எலியேசர்: இனிமே போகவே வேணாம்னு இருக்கு. இந்த சார்ட்டையும் பஸ்லயே விட்டுடலாம்.

பியூலா: அதை எங்கிட்ட குடுங்க.

எலியேசர்: உனக்குப் புரியாது. அங்க…

பியூலா: புரியும். போன ஞாயிறு தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, உங்களுக்கு அடுத்த பஸ்ல கோவளம்தான் வந்தேன். ஒருத்தரும் நிக்கல. நீங்க சார்ட்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அலையைப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தீங்க. ஒரு படகுக்குப் பின்னால உட்கார்ந்து முழுசையும் கேட்டேன்… மறுநாள்லேருந்து கடைக்குத் துணிப்பைதான் கொண்டு போறேன், நீங்கதான் கவனிக்கல. இன்னிக்கு முன்னால வந்து உட்காரப் போறேன்.