ஜோஸுக்கு ஏற்ற கவசம்

எங்கள் விளையாட்டில் வரும் மின்னல் கவசங்களில் எது உசத்தி என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கையுறையைத்தான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது லூர்து அக்கா. ஒரு குத்து விட்டால் மின்னல் எதிரியின் மேல் பாய்ந்து பக்கத்தில் நிற்பவனுக்கும் தாவும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கவசத்தை யாரும் அழகுக்காகப் போடுவதில்லை. போடுகிறவனால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று உங்கள் தம்பியே சொல்வான்.

நீங்கள் குவைத்திலிருந்து வந்து இறங்கி, பெட்டியில் ஒட்டிய விமானச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் என்னை எதிரே உட்கார வைத்து, "ஏன் செஞ்ச ரகு? அதை மட்டும் சொல்லு" என்கிறீர்கள். ஜோஸ் உள்ளறையில் இருக்கிறான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டான். உங்கள் அம்மா அடுப்படியில் இருக்கிறார். பாத்திரச் சத்தமே வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சொல்கிறேன். கவசத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நீங்கள் நர்ஸ். இந்த விளையாட்டெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆன்லைனில் ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு கூட்டுச் சேர்ந்து சுடும் விளையாட்டு. அந்த வீரனுக்கு எந்தத் துப்பாக்கி, எந்தச் சக்தி, எந்தக் கவசம் என்று பார்த்துச் சேர்ப்பதற்கு பில்டு என்று பேர். கல்யாணப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான். ஒன்று இடித்தாலும் குடித்தனம் நடக்காது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து ஜோஸும் நானும் இதில் ஜோடி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்திரை வீதி வீட்டில் நான், இங்கே பொன்மலையில் அவன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் காவிரி நடுவில் ஓடுவதே மறந்துபோகும். அவனுக்கு நண்பர்கள் ஏராளம். கிரிக்கெட், சர்ச் பாட்டுக் குழு, டீக்கடை என்று எங்கே போனாலும் நாலு பேர் கூப்பிடுவார்கள். எனக்கு அவன் ஒருத்தன்தான். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

அதில் மின்னல் பூட்ஸ் என்று ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டால் ஓட ஓடச் சக்தி ஏறும். ஜோஸ் அதற்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப்காரர் பிள்ளைக்கு ரயில் பேர்தானே வாயில் வரும். அவன் ஆட்டமே ஓட்டம்தான். "ரகு, நீ இங்கயே நில்லு, நான் சுத்தி வந்து போடறேன்" என்பான். நானும் நிற்பேன். அந்த ஓட்டம் மட்டும் எனக்குப் பிடிக்காது. கண் மூடித் திறப்பதற்குள் நான் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விடுவான்.

பிறகு அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. போவதற்குப் பெட்டி வாங்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். சக்கரம் நன்றாக உருளுகிறதா என்று கடைக்குள்ளேயே இழுத்து ஓடிக் காட்டினான். நல்ல பெட்டி என்று சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. புனே கிளம்புவதற்கு முன், மழையில் அரியமங்கலம் பக்கம் அவன் வண்டி சறுக்கியபோது நான் வீட்டில் இருந்தேன். முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். காலில் உணர்ச்சி முழுசாகப் போகவில்லை, விடாமல் பயிற்சி கொடுத்தால் கோல் ஊன்றியாவது நடந்துவிடுவான், முதல் மாதங்கள்தான் முக்கியம், விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதை உங்களுக்கு போனில் சொன்னது நான்தான். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

உங்கள் அம்மா காலையில் கான்வென்ட் ஹாஸ்டல் சமையலுக்குப் போனால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். எனக்கோ வீட்டிலிருந்தே வேலை, அதுவும் சாயங்காலத்துக்கு மேல்தான். நான் கூட்டிப் போகிறேன், ஃபீஸும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பெத்த புள்ளை மாதிரிப்பா நீ. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தில்லை நகரில் பிசியோ விஜயராணியிடம் ஒழுங்காகத்தான் போனோம். கண்டிப்பான அம்மாள். "வலிக்கட்டும் தம்பி, அழுதுக்கிட்டே நில்லுங்க" என்பார். ஜோஸும் அழுதுகொண்டே நின்றான். ஒரு நாள் இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி வலது காலை முன்னால் எடுத்து வைத்தான். நான் வீடியோ எடுத்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார வைத்ததும் அவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? புனேக்கு போன் போட்டான். "நடந்துட்டு வாங்க ஜோஸ், சீட் உங்களுக்குத்தான்" என்று அவர்கள் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்தான். ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டில் ஒரு புது மார்புக் கவசம் வந்தது. போட்டவன் ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் அவனைச் சுற்றி மின்னல் வளையம் கட்டும். இருக்க இருக்கப் பலம் கூடும். ஓர் அடி எடுத்து வைத்தால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும். யாரும் அதைச் சீந்தவில்லை. நான் பார்த்தவுடனே இது ஜோஸுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். அவன் முகம் சுளித்தான்.

"டேய், இதை மாட்டிக்கிட்டு மரம் மாதிரி கிடக்கணுமா?"

"எங்க பெருமாள் படுத்துண்டேதான்டா லோகத்தையே ரட்சிக்கிறார்" என்றேன்.

சிரித்துவிட்டான். அன்று முதல் அந்தக் கவசத்துக்குப் பெரிய பெருமாள் என்று பேர். படுத்தபடியே பார்க்கும்படி டிவியைச் சாய்த்து மாட்டிக் கொடுத்தேன். அவன் நடுவில் இருப்பான். நான் சுற்றிச் சுற்றி எதிரிகளை அவனிடம் இழுத்து வருவேன். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவன் விட்ட இடத்தில் இருந்தான். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இருந்ததில்லை அக்கா.

ஒரு நாள் வலி தாங்காமல், "இன்னைக்கு விட்டுடலாம்டா" என்றான். விட்டுவிட்டோம். மறுநாள் நான் வரும்போது சட்டை மாட்டித் தலை சீவி உட்கார்ந்திருந்தான். "ஆட்டோ வந்துடுச்சா?" என்றான். அப்போதுதான் சொன்னேன்.

"விஜயராணி மேடம் போன் பண்ணாங்கடா. ஆஸ்பத்திரியில எடுத்த எக்ஸ்ரேவை மறுபடி பார்த்தாங்களாம், ஸ்க்ரூ லேசா நகர்ந்த மாதிரி தெரியுதாம். இப்ப அழுத்தி நின்னா இருக்கிறதும் போயிடுமாம். அவங்க சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னாங்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது. சீவிய தலையோடு அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டான். எக்ஸ்ரேவை யாரும் மறுபடி பார்க்கவில்லை. போனும் வரவில்லை.

விஜயராணியிடம், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு இடம் பார்த்துக்கொண்டோம் என்றேன். டாக்டரிடம் நானே ரிப்போர்ட்டோடு போய்க் காட்டிவிட்டு வருவதாக வீட்டில் சொன்னேன். அம்மாவிடம் ஸ்க்ரூ கதையைச் சொன்னேன்; மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து நம்பினார். உங்களிடம் அது செல்லாது. அதனால், "அக்காகிட்ட இதைச் சொல்லிடாதீங்க, அங்க தனியா உக்காந்து பயந்துடுவாங்க, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவாங்க" என்று இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டேன். உங்களுக்காகத்தானே என்று சரி என்றார்கள். நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் ஜோஸ், "போயிட்டுதான்க்கா இருக்கேன்" என்றான். நானும் அந்தப் பழைய வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே நீலச் சட்டை. தம்பி நிற்கிறான் என்ற சந்தோஷத்தில் நீங்கள் சட்டையைப் பார்க்கவில்லை.

கணுக்கால் இறுகியது. பிறகு முழங்கால் மடங்கிய வாக்கில் நின்றுவிட்டது. அவன் காலுக்கு எண்ணெய் தடவிவிடுவது நான்தான். என் கைக்குத் தெரியாமல் ஒன்றும் நடந்துவிடவில்லை. "சரியாயிடும்டா" என்று சொல்லிக்கொண்டே தடவுவேன். புனேயில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த அன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். எனக்கு அவன் அழுதால் தாங்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நானே ஆச்சரியப்படும்படி அது மறைந்துதான் கிடந்தது. சர்ச் திருவிழாவில் விஜயராணி உங்கள் அம்மாவைப் பார்த்து, "பையன் இப்ப எங்க பிசியோ பண்றாரு? நடக்கறாரா?" என்று விசாரித்திராவிட்டால் இன்னமும் கிடந்திருக்கும்.

அம்மா வந்து கத்தவில்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் எதிரே தரையில் உட்கார்ந்து, "ஏன் தம்பி? நாங்க உனக்கு என்னப்பா குறை வெச்சோம்?" என்றார். ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன். உண்மைதானே. இந்த வீட்டில் எனக்குத் தனியாக ஒரு டம்ளர் உண்டு.

ஜோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"உங்க பெருமாளாவது உற்சவம் வந்தா வீதிக்குப் புறப்பட்டுடறாருடா ரகு. நான் எப்படா புறப்படறது?"

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

நீங்கள் நேரடியாகக் கேட்டதால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி நடந்திருப்பான். நடக்க விடாமல் செய்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்து, ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். போலீஸில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் அவன் மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ ஒரு நாளும் இருந்ததில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்குமூலம் முழுசாகும்.

நேற்று விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஜோஸ் அங்கே இருந்தான். பெரிய பெருமாளைக் கழற்றிவிட்டுப் பல்லவனை மாட்டியிருந்தான். சண்டை எதுவும் நடக்காத பொது மைதானத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். யாரையும் சுடவில்லை. சுவர் வரைக்கும் ஓடுவான், தொடுவான், திரும்பி ஓடுவான். நான் வழியில் போய் நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினான். இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு ஒத்தே வராத அந்த பூட்ஸைப் போய் எதற்கு மாட்டுகிறான் என்று வருத்தமாக இருந்தது.

நீங்கள் அழாதீர்கள் அக்கா. அடுத்த வாரம் புதிதாக நாலைந்து மின்னல் கவசங்கள் வருகின்றன. அவனுக்கு எது பொருந்தும் என்று இப்போதே பார்த்து வைத்துவிட்டேன். அவனுக்கு என் மேல் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். தணிய நாளாகும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவன் எங்கே போய்விடப் போகிறான்?