வட்டக் கடிகாரமும் அரை நொடி விண்மீனும்

வட்டமா, சதுரமா என்ற வரலாற்றுக் கேள்விக்கு மூன்று அமர்வுகளில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் விடை கண்டு, விடைபெறும் ஆய்வாளருக்கு வட்டக் கடிகாரமே வழங்குவதெனத் தீர்மானித்த துறைக்குழுவின் தலைவர் அவர்களே! சதுரத்துக்காகக் கடைசிவரை போராடித் தோற்ற பேராசிரியப் பெருமக்களே! என்னோடு ஒரே மேசையைப் பங்கிட்ட சக ஆய்வாளர்களே! கைப்பையை மடியில் வைத்தபடி, இது எப்போது முடியும் என்று பார்த்திருக்கும் என் அம்மா உள்ளிட்ட தாய்மார்களே! வணக்கம்.

"டாக்டர் ஆயிட்டே, அப்புறமும் என்னடி ஆராய்ச்சி?" என்று என் சித்தி கேட்டார். படிப்பு முடிந்தது சித்தி, வேலை தொடங்கவில்லை. நடுவில் ஆறு ஆண்டு, மூன்று ஊர் என்றேன்.

என் ஆராய்ச்சி எளிது. எரிபொருள் தீர்ந்த பெருவிண்மீன் தன் மேலேயே இடிந்து விழுகிறது. விழுந்தது மோதித் திரும்பி வெடித்தால், நடுவே ஒரு நகரத்தின் அளவே ஆன நியூட்ரான் விண்மீன் மிஞ்சும். வெடிப்பு தவறினால் கருந்துளை. எது என்று முடிவாவதற்கு அரை நொடி போதும். அந்த அரை நொடியைக் கணக்கிடக் கணினிக்கு எட்டு மாதம்.

"அந்த நட்சத்திரம் போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?" என்றார் அம்மா.

"கணக்கு முடிய இன்னும் நாலு நாள்மா."

"அப்ப இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு சொல்லு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று ஐந்து மணிக்கு என் பணிக்காலம் முடிகிறது. கணினி என்னை வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்ளும். எட்டு மாதக் கோப்புகளும் அழியும். அதுதான் விதி. திங்கட்கிழமை வேறோர் ஊரில் நேர்முகத் தேர்வு. அங்கே ஒரே கேள்வி: வெடித்ததா, இல்லையா?

நான் என்ன கேட்டேன்? பதவி கேட்டேனா? தனியறை கேட்டேனா? சாயாத நாற்காலி கேட்டேனா? நான்கு நாள் கேட்டேன்! குழுவின் நிகழ்ச்சி நிரலில் என் மனு ஏழாம் பொருள். கடிகாரம் முதல் பொருள். மூன்று அமர்வுகளும் முதல் பொருளிலேயே முடிந்தன.

பின்வரிசையில் 'வெட்கக்கேடு' என்றவரே, உட்காருங்கள். இங்கே கெட்டவர் யாருமில்லை. அதுதான் என் புகாரே! ஒரு கெட்டவர் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேனே!

காலையில் கணினி அறை அண்ணனிடம் கெஞ்சினேன். "என் கையில என்னம்மா இருக்கு? தலைவர் கையெழுத்து ஒண்ணு கொண்டா, அடுத்த நிமிஷம் நீட்டிடறேன்" என்றார். அதோ, வாசலில் கைபேசியோடு நிற்கிறார்.

சூரியனைவிடப் பெரிய ஒன்று தன் பாரம் தாங்காமல் சரிவதை எட்டு மாதம் பார்த்தவள் நான். இயற்கைக்கு இரக்கமில்லை, ஆனால் அது எந்த விண்மீனையும் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைத்ததில்லை. தலைவர் அவர்களே! இதோ மனு. இதோ பேனா. ஐந்துக்கு இன்னும் மூன்று நிமிடம்!

என்ன சொல்கிறார்? "மேடையில கையெழுத்துப் போட்டா மரபு என்னம்மா ஆகிறது? அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வெச்சிடறேன்."

முதல் பொருள்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பரிசளித்த குழுவுக்கும் பொறுமை காத்த உங்களுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

கடிகாரம் சரியாக ஓடுகிறது. மணி ஐந்து.